அமெரிக்காவில் வாடகை அடுக்ககத்தில் இருப்பவர் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி கேட்டவர் டெக்சாஸில் ஓர் அடுக்குமாடி வளாகத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறார். சென்ற மாதம் அதே வளாகத்தில் வேறொரு வீட்டின் கதவை உடைத்துத் திருடியிருக்கிறார்கள். லீஸ் ஒப்பந்தத்தில் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி செல்லுமா, துப்பாக்கி வாங்கலாமா, யாராவது உள்ளே நுழைந்தால் சுடலாமா என்று கேட்கிறார். நான் வழக்கறிஞன் அல்லன். டல்லாஸ் பக்கத்தில் பல ஆண்டுகளாக வாடகை வீடுகளிலேயே குடும்பத்தோடு இருப்பவன் என்ற முறையிலும், இதே அச்சத்தோடு இந்தச் சட்டங்களைத் தேடிப் படித்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

உங்கள் விசா எது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அதுதான். எச்-1பி (வேலை), எச்-4 (அவர்களின் குடும்பத்தினர்), எஃப்-1 (மாணவர்) போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகவே தடை செய்கிறது. வேட்டை உரிமம் பெற்றவர் உள்ளிட்ட சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றவரை நாட்டை விட்டு வெளியேற்றவும் குடிவரவுச் சட்டம் இடம் தருகிறது. சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று நம் ஆட்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. ரூம்மேட் வாங்கியது உங்கள் கைக்கு எட்டும் அலமாரியில் பூட்டாமல் இருந்து, அதை எடுத்தாள உங்களாலும் முடியும் என்றால், அது உங்கள் வசமும் இருந்தது என்று அரசுத் தரப்பு வாதிட முடியும். ஃப்ளோரிடாவில் படிப்பு நின்றுபோய் மாணவர் விசாத் தகுதியை இழந்த ஒருவர், துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்துக்குப் போய்ச் சுட்டதற்காகவே குற்றவாளியாக நின்றார். ரெஹைஃப் வழக்கு என்று அறியப்படும் அது 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் குடிவரவு நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதே தவிர, அந்தத் தடையைத் தொடவில்லை. ஆகவே நீங்கள் விசாவில் இருப்பவரானால் துப்பாக்கி பற்றிய பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது. பதிலின் கடைசிப் பகுதிதான் உங்களுக்கு உரியது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இனி லீஸ் ஒப்பந்தம். தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று ஹெல்லர் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010-இல் மெக்டொனால்ட் வழக்கின் வழியே அது மாநிலங்களுக்கும் விரிந்தது. ஆனால் அரசமைப்புச் சட்டம் கட்டிப்போடுவது அரசாங்கத்தை; தனியார் வீட்டு உரிமையாளரை அன்று. டெலவேர் மாநிலத்தில் பொது வீட்டுவசதி வாரியம் ஒன்று போட்ட துப்பாக்கிக் கட்டுப்பாடுகளை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2014-இல் செல்லாதவை என்று அறிவித்ததற்குக் காரணம், அங்கே வீட்டு உரிமையாளராக இருந்தது அரசு அமைப்பு என்பதே. தனியார் வளாகங்களைப் பொறுத்தவரை, தடுக்கக்கூடாது என்று மாநிலச் சட்டம் தனியாகச் சொல்லாத இடங்களில் உரிமையாளர் போடும் நிபந்தனை செல்லும். மீறினால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வரும். அப்படித் தனிச் சட்டம் இல்லாத கலிஃபோர்னியாவில் இருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டெக்சாஸில் நிலைமை வேறு. 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வாடகைக்கு இருப்பவரோ அவருடைய விருந்தினரோ சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பதை உரிமையாளர் தடுக்க முடியாது. வீட்டுக்குள்ளும், வண்டிக்குள்ளும், வீட்டுக்கும் வண்டிக்கும் போய்வரத் தேவையான வழியிலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் அந்த வழியில் அடங்கா என்றே நான் படித்துப் புரிந்துகொண்டேன். உங்கள் லீஸில் உள்ள வரி பழைய அச்சுப் படிவத்திலிருந்து அப்படியே வந்திருக்கக்கூடும். அதை நீக்கித் தரும்படி லீசிங் ஆபீஸுக்கு எழுத்தில் கேளுங்கள். மினசோட்டாவிலும் வாடகைதாரரை உரிமையாளர் தடுக்க முடியாது. ஒஹையோவில் அந்தப் பாதுகாப்பு உரிமம் பெற்றவர்களின் கைத்துப்பாக்கிக்கு உண்டு.

வைத்திருக்கும் உரிமை வேறு, சுடும் உரிமை வேறு. உங்கள் கேள்வியில் இரண்டும் ஒன்றாகக் கலந்திருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஒருவன் பலவந்தமாக உங்கள் வீட்டுக்குள் நுழையும்போது நீங்கள் கொல்லும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்தினால், அது அவசியம் என்று நீங்கள் நம்பியது நியாயமே என டெக்சாஸ் தண்டனைச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. கேஸில் டாக்ட்ரின் என்று பேச்சில் சொல்வது இதைத்தான். வாடகை வீட்டுக்கும் இது பொருந்தும். ஆனால் அந்த அனுமானம் எல்லா இடத்திலும் துணை நிற்காது; வீடு, வண்டி, பணியிடம் ஆகியவற்றுக்குள் பலவந்தமாக நுழைவதற்கும் கொலை, கொள்ளை போன்ற சில கடுங்குற்றங்களுக்கும்தான் அது பொருந்தும். மற்றபடி காரிடாரிலும் மாடிப்படியிலும் பார்க்கிங்கிலும், அந்தப் பலம் உடனடியாக அவசியம் என்று நீங்கள் நம்பியது நியாயமே என்பதை அந்த அனுமானத்தின் துணை இல்லாமல் நம்பவைக்க வேண்டியிருக்கும். மினசோட்டாவில் இது இன்னும் கடுமை: அடுக்ககத்தின் பொது நடைவழி வீட்டின் பகுதி ஆகாது, ஒதுங்கிப்போக வழி இருந்தால் ஒதுங்கியே ஆகவேண்டும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2014-இல் டெவன்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது.

சட்டத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது சுவர். நம் அபார்ட்மென்டுகளில் அறைகளைப் பிரிப்பது செங்கல் அன்று. மரச்சட்டத்தின் இருபுறமும் அடித்த, அரை அங்குலம் சொச்சம் தடிமன் உள்ள ஜிப்சம் பலகை. படம் மாட்ட ஆணி அடித்தவர்களுக்கு அது எவ்வளவு மெத்தென்று உள்ளே போகும் என்று தெரியும். இரு குடித்தனங்களுக்கு இடையே பலகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் 9 மில்லிமீட்டர் தோட்டாவை அது நிறுத்தாது. லூயிவில் நகரில் 2020 மார்ச் 13 அன்று பிரியானா டெய்லர் தம் அடுக்கக வீட்டில் காவலர்களின் குண்டுக்குப் பலியான இரவில், ஒரு காவலர் சுட்ட தோட்டாக்கள் சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக்குள் பாய்ந்தன. அங்கே கர்ப்பிணி ஒருவரும் ஒரு குழந்தையும் இருந்தார்கள். உங்கள் படுக்கையறைச் சுவருக்கு அப்பால் யார் தலை வைத்துப் படுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா?

ஒரே மாதிரிக் கதவுகளும் ஒரே மாதிரித் தளங்களும் தரும் குழப்பம் இன்னொன்று. டல்லாஸில் 2018 செப்டம்பர் 6 அன்று, பணி முடிந்து வந்த காவலர் ஆம்பர் கைகர் தம் வீட்டுக்கு நேர் மேல்தளத்தில் இருந்த வீட்டைத் தம் வீடு என்று எண்ணி நுழைந்து, உள்ளே தன் பாட்டுக்கு இருந்த 26 வயது போத்தம் ஜீனைச் சுட்டுக் கொன்றார். தன் வீட்டில் யாரோ புகுந்துவிட்டதாக நினைத்தேன் என்ற வாதத்தை ஜூரி ஏற்கவில்லை. கொலைக் குற்றத்துக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. துப்பாக்கிப் பயிற்சி பெற்ற காவலருக்கே தளம் மாறிய இடத்தில், தூக்கக் கலக்கத்தில் எழுந்துவரும் நம்மைப் போன்றவர் தப்பான கதவைத் தட்டும் குடிகாரரையும் திருடனையும் எப்படிப் பிரித்தறிவோம் என்று யோசித்துப் பாருங்கள். 2024 மே மாதம் ஃப்ளோரிடாவில், விமானப்படை வீரர் ரோஜர் ஃபோர்ட்சன் தம் சொந்த அபார்ட்மென்டில், துப்பாக்கியைத் தரையை நோக்கிப் பிடித்தபடி கதவைத் திறந்தார். புகார் ஒன்றை விசாரிக்க வந்திருந்த காவலர் சில நொடிகளில் அவரைச் சுட்டுவிட்டார். ஃபோர்ட்சன் செய்தது எதுவும் குற்றம் அன்று. அவருக்கு வயது 23.

இவற்றையெல்லாம் எண்ணித்தான், கிரீன் கார்டு வந்த பிறகும் நான் வாங்கவில்லை. வாங்குவதாக நீங்கள் முடிவு செய்தால் அது உங்கள் உரிமை; அதை நான் மதிக்கிறேன். வீட்டில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால், அவர்கள் கைக்குத் தோட்டா நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி விடுவதே டெக்சாஸில் குற்றம் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் உங்களிடம் இப்போதே ஓர் உரிமை இருக்கிறது. நம்மவர்கள் அதைக் கேட்டுப் பெறுவதே இல்லை. வளாகத்தின் பொது இடங்களில் எதிர்பார்க்கக்கூடிய குற்றங்களிலிருந்து குடியிருப்பவரைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்வது உரிமையாளரின் கடமை என்று தலைநகர் வாஷிங்டன் டி.சி.யின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1970-இலேயே கிளைன் வழக்கில் சொன்னது. வழக்குத் தொடுத்த வாடகைதாரர் கிளைன் குடிவந்தபோது வாசலில் 24 மணி நேரமும் காவலாள் இருந்தார். பின்னர் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, நடைவழியிலேயே கிளைன் தாக்கப்பட்டார். டெக்சாஸ் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. வெளிக்கதவு ஒவ்வொன்றிலும் உள்ளிருந்து மட்டும் போடக்கூடிய சாவியில்லாத போல்ட், பீப்ஹோல், ஜன்னல்களுக்குக் கொக்கி, பால்கனியின் சறுக்குக் கதவை நகராமல் பிடிக்கும் ஊசிப் பூட்டு (pin lock) ஆகியவை உரிமையாளர் செலவில் இருந்தாக வேண்டும். புதிதாக ஒருவர் குடிவந்த ஏழு நாட்களுக்குள் பூட்டின் சாவி மாற்றப்பட வேண்டும். நான் இப்போதிருக்கும் வீட்டுக்கு வந்தபோது சாவி மாற்றினார்களா என்று கேட்டேன். அலுவலகத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சட்டப் பிரிவைக் குறித்து மின்னஞ்சல் அனுப்பிய பிறகே பூட்டுக்காரர் வந்தார். போல்ட் ஓர் அங்குலம் நீள வேண்டும் என்பது விதி. என் கதவில் நிலையின் துளை ஆழமில்லாததால் அது பாதியிலேயே நின்றது. கதவைச் சாத்தி, போல்டைத் திருப்பி, குமிழ் தடையில்லாமல் கடைசி வரை திரும்புகிறதா என்று உங்கள் வீட்டிலும் இன்றே பாருங்கள்.

உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. பூட்டையோ போல்டையோ பழுதுபார்க்கவும் மாற்றவும் பொதுவாக ஏழு நாள் அவகாசம். ஆனால் கடந்த இரண்டு மாதங்களில் அதே வளாகத்தின் வேறொரு வீட்டில் அத்துமீறி நுழைந்திருந்தால், அதைக் குறிப்பிட்டுக் கேட்பவருக்கு 72 மணி நேரத்துக்குள் செய்து தர வேண்டும். அந்தத் திருட்டு நடந்தது சென்ற மாதம் என்றால் காலம் இன்னும் கடக்கவில்லை. திருட்டு நடந்த தேதியையும், தெரிந்தால் காவல்துறைப் புகார் எண்ணையும், உங்கள் கதவில் இல்லாதவை எவை, பழுதானவை எவை என்பதையும் எழுதி, படங்களையும் சேர்த்து இன்றைக்கே லீசிங் ஆபீஸுக்கு அனுப்பி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி இருக்க வேண்டிய சாதனத்தை அவர்கள் பொருத்தித் தரவில்லை என்றால், வாடகை பாக்கி இல்லாத நீங்கள் அதை நீங்களே பொருத்திச் செலவை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. கழிப்பதற்கு முன் உள்ளூர் வாடகைதாரர் உதவி மையத்திலோ வழக்கறிஞரிடமோ கடிதத்தை ஒருமுறை காட்டிவிடுங்கள்.