கணவருக்கு மட்டும் மருந்து போதுமா?

கேள்வி: வெளியூரில் வேலை பார்க்கும் என் கணவருக்குச் சில வாரங்களுக்கு முன் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் சீழும் இருந்தன. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையில் சரியாகிவிட்டது என்கிறார். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. நான்கு மாதக் கர்ப்பிணி. நானும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு)

பதில்: ஆம், இருவருமே தாமதிக்காமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வெட்டை நோய் எனப்படும் கொனோரியாவிலும் கிளமிடியாவிலும் இத்தகைய அறிகுறிகள் வருவதுண்டு. இவ்விரண்டும் பெண்களிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே தங்கிக் கருக்குழாய்களைப் பாதிக்கக்கூடியவை என்பதாலும், பிரசவத்தின்போது குழந்தையின் கண்களுக்குத் தொற்றக்கூடியவை என்பதாலும், தொந்தரவு இல்லாததை நோய் இல்லாததாக எடுத்துக்கொள்ள முடியாது.

சீழ் நின்றுவிட்டதாலேயே உங்கள் கணவர் குணமாகிவிட்டார் என்றும் சொல்வதற்கில்லை. கொனோரியாக் கிருமி பல மருந்துகளுக்கு அடங்காததாக மாறிவருவதற்கு, இப்படிப் பரிசோதனையின்றி அரைகுறையாக மருந்து உண்பதும் ஒரு காரணம். கடைக்காரரிடம் சொல்லக் கூசாத நாம் மருத்துவரிடம் சொல்லக் கூசுவது எனக்கு என்றும் விளங்காத விஷயம். அவர் சாப்பிட்ட மாத்திரையையே நீங்களும் வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள். இந்நோய்களுக்குத் தரப்படும் டாக்சிசைக்ளின் கர்ப்பிணிகளுக்கு ஏற்றதன்று.

இருவருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை நடக்காவிட்டால், குணமானவருக்கு மற்றவரிடமிருந்து நோய் திரும்ப வந்துவிடும். அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் துணையையும் அழைத்து வரச் சொல்வது இதற்காகத்தான், குற்றம் கண்டுபிடிப்பதற்காக அன்று. சிகிச்சை முடிந்து ஒரு வாரம் வரை உடலுறவைத் தவிர்த்துவிட்டு, அதன் பிறகும் ஆணுறையைப் பயன்படுத்துங்கள்.

கர்ப்ப காலத் தொடக்கத்தில் எச்ஐவி, சிபிலிஸ் (மேகப்புண் எனப்படும் பால்வினை நோய்) பரிசோதனைகளை ஏற்கெனவே செய்திருந்தாலும், புதிய தொற்று உடனே தெரியாது என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி செய்துகொள்ள வேண்டும். கவனிக்காத சிபிலிஸ் குழந்தை இறந்து பிறப்பதில்கூட முடியலாம். உரிய நேரத்தில் போடும் பெனிசிலின் ஊசி அதைத் தடுத்துவிடும். எச்ஐவி முடிவை உங்கள் சம்மதமின்றிப் பிறருக்குச் சொல்வதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது.

கேள்வி: பொதுக் கழிப்பறையால் பால்வினை நோய் வருமா?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: கொனோரியா, சிபிலிஸ், எச்ஐவி ஆகியவை கழிப்பறை இருக்கையால் பரவுவதில்லை. அந்தப் பயத்தில் செலவிடும் அக்கறையை ஆணுறையிலும், ஹெபடைடிஸ் பி, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளிலும் காட்டலாம். எச்பிவி ஊசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது.