பழைய பிரேக் டிஸ்க்கைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள்

கேள்வி: 14 மாதங்களுக்கு முன் ஒன்பதரை லட்சத்துக்குக் கார் வாங்கினேன். 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கிடுகிடுவென ஆடுகிறது. மூன்று முறை சர்வீஸ் சென்டருக்கு அலைந்தும் சரியாகவில்லை. மேலாளர் என் மனைவி முன்னாலேயே அவமானமாகப் பேசினார். வெளி மெக்கானிக்கிடம் டிஸ்க்கை மாற்றிவிட்டு, புதுக் காரும் 5 லட்சம் இழப்பீடும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: மேலாளர் பேசியதை விட்டுவிடுங்கள், வழக்கு அதில் நிற்காது. நுகர்வோர் ஆணையம் கேட்கப்போவது ஒன்றுதான்: இது உற்பத்திக் குறையா, தேய்மானமா? நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

ஸ்டியரிங் ஆடுகிறது என்றால் பெரும்பாலும் முன் டிஸ்க்தான். அதன் தடிமன் சீராக இல்லாமல் போயிருக்கும். ஆனால் ஏர் கன்னால் வீல் நட்டை ஏறுமாறாக முடுக்கினாலும், சக்கரம் பொருந்தும் ஹப் முகத்தில் துரு படிந்திருந்தாலும் நாளடைவில் டிஸ்க் இப்படி ஆகும். எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

என்னிடம் வந்த ஒருவர் நீங்கள் நினைத்ததையே செய்தார். வெளியே மாற்றினார், ஆட்டம் நின்றது, பழைய டிஸ்க் காயலான் கடைக்குப் போனது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி குறையுள்ள பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அனுப்ப அவரிடம் என்ன இருந்தது? ‘டிஸ்க் 2, பேட் 1 செட்’ என்ற பில் மட்டும். சர்வீஸுக்கு விடும்போது புகாரை எழுதித் தரும் ஜாப் கார்டு மூன்றிலும் ‘பிரேக் சத்தம்’ என்றுதான் எழுதியிருந்தது; அதிர்வு என்ற சொல்லே இல்லை. தோற்றோம்.

உங்கள் ஜாப் கார்டுகளை இன்றே எடுத்துப் பாருங்கள். அதிர்வு என்று இல்லையென்றால் மீண்டும் வண்டியை விட்டு, ‘80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் அதிர்கிறது’ என்று எழுதச் சொல்லுங்கள். டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தையும், மைக்ரோமீட்டரால் பல இடங்களில் தடிமனையும் அளந்து, அந்த எண்களைக் கார்டிலேயே குறிக்க வேண்டும். அளக்காமல் கடைசல் பிடித்துத் தருகிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள். கடைந்துவிட்டால் ஆதாரமும் போச்சு. பழுது சரியாகும் வரை, ஆதாரம் காட்டுவதற்காகக்கூட அந்த வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டவே வேண்டாம். வீட்டில் உள்ளவர்களும் அதில்தானே வருவார்கள்.

புதுக் கார் ஆசையையும் விடுங்கள். பழுதான பாகத்தை மாற்றித் தந்தால் போதும், வாகனத்தையே மாற்றத் தேவையில்லை என்று ஒரு கார் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிஸ்க்கும் பேடும் இலவசமாக மாற்றித் தருகிறோம், அதற்கு வாரன்டியும் எழுத்தில் தருகிறோம் என்றால் சமரசமாகப் போய்விடுங்கள். மனதாரச் சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் லாபம்.

அப்போதும் ‘முழு திருப்தி’ என்ற தாளில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். 80-ல் ஓட்டி, பிரேக் பிடித்துப் பார்த்த பிறகு போடுங்கள். பேச்சு இழுத்தடித்தால் நாட்களை எண்ணிக்கொண்டே இருங்கள். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான் கெடு. திரும்பத் திரும்ப சர்வீஸுக்கு விட்டதாலேயே அது நீளும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.