வீட்டு டார்க் ரூமும் செல்லப்பிராணிகளும்: கேள்வி பதில்

கே: அண்ணா, பாத்ரூமில்தான் ஃபிலிம் கழுவுகிறேன். வீட்டில் பூனை இருக்கிறது. எந்தக் கெமிக்கலுக்கு அதிகம் பயப்பட வேண்டும்?

ப: ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டு வரும் டெவலப்பருக்கு. டி-76 மாதிரியான டெவலப்பர்களில் மெட்டால், ஹைட்ரோகுயினோன் இரண்டும் உண்டு. உள்ளே போனால் ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகலாம். இந்த விஷயத்தில் பூனையின் ரத்தம் நாயினுடையதைவிட ரொம்ப மென்மையானது. பாரசிட்டமால் பூனையைக் கொல்வதும் இதே வழியில்தான்.

கே: எங்கள் பூனை ட்ரே பக்கமே போகாது. வாடை பிடிக்காது. அப்புறம் என்ன பயம்?

ப: குடிக்காதுதான். ஆனால் சிந்தியதை மிதித்துவிட்டுப் போய், சோபாவுக்கு அடியில் உட்கார்ந்து பாதத்தை நக்குமே! பூனைக்கு விஷம் ஏறுவது பெரும்பாலும் இப்படித்தான். புதிதாகக் கரைத்த டெவலப்பர் தரையில் வெறும் தண்ணீர் போலத்தான் தெரியும். பழுப்புக் கறை தெரிவது காய்ந்த பிறகு. பவுடர் கரைக்கும்போது பறக்கும் தூளும் அப்படியே, வாளிக்குப் பின்னால் படிந்து கிடக்கும். அதனால் கதவைத் திறப்பதற்கு முன்பு தரை முழுக்க ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்துவிடுங்கள். பாதத்தில் பட்டுவிட்டால் பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்து, நக்கவிடாமல், வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கழுவுங்கள்.

கே: நாய் ட்ரேயிலிருந்து டெவலப்பரை நக்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். ஃபோட்டோ பேப்பருக்கான டெவலப்பரில் காரம் அதிகம். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், தண்ணீர் கலக்காதது என்றால் கடும் அமிலம். உள்ளே போகும்போது தொண்டையைப் புண்ணாக்கியது வெளியே வரும்போது மறுபடியும் புண்ணாக்கும். அந்த உப்பே நாய்க்கு விஷமாகிவிடவும் கூடும். வாயை மட்டும் தண்ணீரால் துடைத்துவிட்டு, பாட்டிலையோ பாக்கெட்டையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். லேபிளில் உள்ள பெயர்களைப் படித்துக் காட்டுங்கள். அறிகுறி தெரியட்டும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறி மூச்சு வாங்கினால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

கே: மீன் தொட்டியில் குளோரின் போக ஹைப்போ போடுகிறோமே, படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸரும் ஹைப்போதானே, மிச்சமானதை ஊற்றலாமா?

ப: கூடாது. தொட்டிக்குப் போடுவது சுத்தமான சோடியம் தயோசல்பேட். ரேபிட் ஃபிக்ஸரில் இருப்பது அமோனியம் தயோசல்பேட். பயன்படுத்திய ஃபிக்ஸர் என்றால் ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளியும் சேர்ந்திருக்கும். அமோனியா, வெள்ளி, இரண்டுமே மீனுக்கு எமன்.

கே: பாத்ரூம் எக்ஸாஸ்ட் பால்கனிக்குப் போகிறது. அங்கேதான் லவ் பேர்ட்ஸ் கூண்டு.

ப: கூண்டை இன்றைக்கே இடம் மாற்றுங்கள். அமில ஃபிக்ஸரிலிருந்து கந்தக டைஆக்சைடு வரும்; நமக்கு மூக்கு எரிகிற அளவுக்கு வரும் முன்பே பறவைக்கு மூச்சு முட்டும். படத்துக்குப் பழுப்பு நிறம் தரும் சல்பைடு வகை செபியா டோனரில் அமிலம் பட்டால் அதைவிட மோசமான ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். டோனிங் செய்கிற நாளில் கூண்டு வீட்டின் மறுகோடியில், கதவு சாத்திய அறையில் இருக்கட்டும்.