சிறிய பிஸ்டலில் குறி சிதறுவது ஏன்?

கேள்வி: தேவகோட்டையில் நகை அடகுக் கடை வைத்திருக்கிறேன். கைத்துப்பாக்கி உரிமம் அண்மையில் கிடைத்தது. வேட்டிக்கு மேல் கட்டும் பெல்ட்டில் வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளும்படி மிகச் சிறியதாக வாங்க விரும்புகிறேன். ஆனால் பயிற்சியின்போது அத்தகைய பிஸ்டலில் 7 மீட்டர் தூரத்திலேயே என் குறி சிதறியது. குறி தவறாத சிறிய பிஸ்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது?
வாசகர், தேவகோட்டை

பதில்: குறி சிதறியதற்குத் துப்பாக்கியின் குழல் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அசையாமல் பூட்டிவைத்துச் சுட்டால் சிறிய பிஸ்டலும் ஓரளவு ஒரே இடத்தில்தான் சுடும். கையின் சிறு பிழையைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் அதன் குறை. குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல்புறம் முனையில் உள்ள முன்குறிக்கும், பின்பக்கம் உள்ள பின்குறிக்கும் இடையே 100 மி.மீ. மட்டுமே இருந்தால், முன்குறி 1 மி.மீ. விலகினாலே 7 மீட்டரில் தோட்டா 7 செ.மீ. தள்ளிப் போகும், அந்த இடைவெளி 150 மி.மீ. ஆனால் அதே பிழை 5 செ.மீ.க்குள் அடங்கிவிடும். இதனுடன், எடை குறையக் குறைய உதை (சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளுவது) கூடும். டிரிக்கரும் கடினமாக இருந்தால், அதை இழுக்கும் வேகத்தில் துப்பாக்கி முழுவதுமே அசைந்துவிடும்.

9 மி.மீ. பிஸ்டல் நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது என்பதால், தாங்கள் பெரும்பாலும் .32 (அங்குலக் கணக்கில் குழல் அளவு) வகையிலேயே தேடப்போகிறீர்கள். அதன் உதை மிதமானது என்பது தங்களுக்குச் சாதகம். கான்பூர் ஃபீல்டு கன் தொழிற்சாலை 2014இல் வெளியிட்ட ‘நிர்பீக்’ ரிவால்வர், டைட்டானியம் கலவையால் சுமார் 500 கிராம் எடையில் செய்யப்பட்டது, சுமப்பதற்கு எளிது. ஆயினும், குறியே முதன்மை என்றால், சற்றுக் கனமான, குழல் நீண்டு அதனால் முன்குறி, பின்குறி இடைவெளியும் கூடிய .32 பிஸ்டலையே நான் பரிந்துரைப்பேன். 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கடையில் பார்க்கும்போது, தோட்டா இல்லை என்பதைத் தாங்களே திறந்து உறுதிசெய்துகொண்டு, கைப்பிடியில் மூன்று விரல்களும் பதிகின்றனவா, ஆள்காட்டி விரலின் நுனிச்சதை சிரமமின்றி டிரிக்கரில் படிகிறதா என்று கவனியுங்கள். பிறகு, கடைக்காரரின் அனுமதியுடன், ஆளில்லாத பாதுகாப்பான திசையில் குறிபார்த்து டிரிக்கரை மெல்ல இழுங்கள். முன்குறி அசையாமல் நின்றால் அதுவே தங்கள் கைக்கு ஏற்றது. எத்தனை முறை முயன்றும் அது துள்ளினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். வாங்கிய பின், மதுரையிலோ திருச்சியிலோ உள்ள துப்பாக்கி சுடும் கழகத்தில் முறைப்படி அனுமதி பெற்று, வேகம் பாராமல் தொடர்ந்து பயிலுங்கள்.

பெல்ட்டின் பணப்பைக்குள் துப்பாக்கியைச் செருகுவது மட்டும் கூடவே கூடாது. சாவியோ நாணயமோ டிரிக்கரில் சிக்கக்கூடும். டிரிக்கரை முழுவதும் மூடும் கெட்டியான உறை வேண்டும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் பொது இடத்தில் உறையிலிட்டு எடுத்துச்செல்லவே சொல்கின்றன. பங்காளி வீட்டுப் பிள்ளைகளெல்லாம் ஓடி விளையாடும் வளவு வீடாக (முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த கூட்டு வீடாக) இருந்தால், தங்கள் புள்ளிக்குரிய (தங்கள் குடும்பத்துக்குரிய) அறையில் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, தோட்டாக்களை வேறு பெட்டியில் வையுங்கள்.