புதுப்பித்த கடைவீதியில் நட்ட மரங்கள் ஏன் சீக்கிரம் பட்டுப்போகின்றன?

கன்று சரியில்லை என்றுதான் முதலில் தோன்றும், ஆனால் பெரும்பாலும் கோளாறு தரைக்குக் கீழேதான். நடைபாதைக் கல் அமுங்கக் கூடாது என்று அடியிலுள்ள மண்ணை உருளை ஓட்டி இறுக்கிவிடுகிறார்கள். அதில் காற்றுக்கும் தண்ணீருக்கும் வழியில்லாததால் வேர் நட்ட குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. வேர் ஆழமாக இறங்கும் என்பது பொதுவான நினைப்பு. உண்மையில் பெரும்பகுதி மேல் 1 மீட்டருக்குள், கிளைகளின் பரப்பையும் தாண்டிப் பக்கவாட்டில்தான் படரும். குழாய்களும் கேபிள்களும் போவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இதற்கு வழி இருக்கிறது. 1990களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், நடைபாதைக்கு அடியில் போட ஒரு ஜல்லி மண் கலவையை உருவாக்கினார்கள்: ஜல்லிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு மேலே வரும் பாரத்தைத் தாங்கும், இடுக்கிலுள்ள மண்ணில் வேர் ஓடும். சுவீடனின் ஸ்டாக்ஹோமில் இப்படிப்பட்ட கலவையில் மரக்கரியும் சேர்த்து, தெருவில் விழும் மழைநீரையும் அந்தக் கலவைப் படுகைக்கே திருப்பிவிடுகிறார்கள். செலவுதான், ஆனால் தெருவையே தோண்டிப் போட்டிருக்கும்போது செய்யாவிட்டால் பிறகு செய்யவே முடியாது.

சரி, ஏற்கெனவே நட்டாயிற்று என்றால்? பண்ணையிலிருந்து பெரிய மரமாகப் பெயர்த்து வந்திருந்தால் வேரில் பாதிக்கு மேல் அங்கேயே போயிருக்கும், அதனால் முதல் 2, 3 ஆண்டுகள் தண்ணீர் தவறவே கூடாது. அப்புறம் குனிந்து அடிமரத்தைப் பாருங்கள். முட்டுக்கழியோடு கட்டிய நாடாவோ மரத்தைச் சுற்றியுள்ள இரும்புக் கிராதியின் விளிம்போ மரப்பட்டையை அறுத்துக்கொண்டிருந்தால் இன்றே தளர்த்தச் சொல்லுங்கள்.