முன்னுரையிலேயே கால்மணி நேரம் போய்விடுகிறதா?

கேள்வி: 45 நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டிய தேர்வுக்குத் தயாராகிறேன். முதல் பத்தியை எழுதுவதும் அடிப்பதுமாக 15 நிமிடம் போய்விடுகிறது. ‘எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் 50 முன்னுரைகள்’ என்று ஒரு தொகுப்பு விற்கிறார்கள். வாங்கி மனப்பாடம் செய்யலாமா? ‘முன்னுரை’ என்று தலைப்புப் போட வேண்டுமா?

பதில்: வாங்காதீர்கள். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் என்று விற்கிறவரே சொல்லிவிட்டார். உங்கள் தலைப்பைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை என்றுதானே அதற்குப் பொருள்? ஒரே முன்னுரையை, அதே எழுத்துப்பிழையோடு, அடுத்தடுத்து நான்கு விடைத்தாள்களில் பார்த்தவன் நான். நான்காவது தாளை எழுதியவர் ஒருவேளை நன்றாகவே எழுதியிருக்கலாம். ஆனால் அதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

இந்த வியாபாரிகளுக்குப் பிடித்த இன்னொரு சரக்கு மேற்கோள். ‘நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்று காந்தி சொன்னதாக எழுதாத மாணவர் குறைவு. அந்தச் சொற்கள் அவருடைய எழுத்தில் அகப்படவில்லை. தெரியாத மேற்கோளைத் தூக்கி வாசலில் வைப்பானேன்?

சரி, உங்கள் சிக்கலுக்கு வருவோம். முதல் பத்தி வராததற்குக் காரணம் உங்களுக்கு எழுத வராதது அல்ல. கட்டுரை எங்கே போகிறது என்று அப்போது உங்களுக்கே தெரியாது. ஆகவே ஐந்து நிமிடம் யோசித்து, உங்கள் முடிவை ஓரத்தில் ஒரே வரியில் குறித்துக்கொள்ளுங்கள். முன்னுரைக்கு ஏழெட்டு வரி இடம் விட்டுவிட்டு உள்ளே நுழைந்துவிடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து அந்த இடத்தை நிரப்புங்கள். இது ஒன்றும் குறுக்குவழி இல்லை. நூலின் முன்னுரையான சிறப்புப் பாயிரத்தை ஆசிரியரின் குருவோ, உடன் படித்தவரோ, மாணவரோ, உரைகாரரோ சொல்வது முறை என்கிறது நன்னூல். நூல் முடிந்த பிறகுதானே அவர்கள் எழுத முடியும்?

அந்த இடத்தில் என்ன எழுதுவது? தலைப்பில் எது தகராறு, அதில் உங்கள் பக்கம் எது, இவ்வளவுதான். ‘பள்ளியில் செல்பேசியைத் தடை செய்யலாமா?’ என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். ‘அறிவியல் வளர்ச்சியால் உலகம் கைக்குள் சுருங்கிவிட்டது’ என்று ஆரம்பித்தால் தகராறு இன்னும் தொடங்கவே இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘பாட வேளையில் செல்பேசி தொந்தரவு என்பதைப் பெற்றோரும் மறுப்பதில்லை. பள்ளி விட்டதும் பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே என்பதுதான் அவர்கள் கவலை. ஆகவே தடை வகுப்பறைக்குள் போதும். பள்ளி வாசல்வரை வேண்டாம்.’ நான்கே வாக்கியங்கள். 500 சொல் கட்டுரைக்கு ஐம்பது சொல்லுக்குமேல் முன்னுரை தேவையில்லை.

அகராதிப் பொருளோடு தொடங்காதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். ஒரே ஒரு விலக்கு உண்டு. சண்டையே சொல்லின் பொருளைப் பற்றியதாக இருந்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ‘வேலையின்மை’ என்ற தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச அளவில் பின்பற்றப்படும் கணக்கெடுப்பு வரையறையில், அந்த வாரம் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்தவரும் வேலையில் உள்ளவர்தான். தேடித்தேடி அலுத்து, தேடுவதையே நிறுத்திவிட்டவர் வேலையற்றோர் பட்டியலில் வரமாட்டார். இதைச் சொல்லாமல் வேலையின்மை கூடியது, குறைந்தது என்று எழுதினால் நீங்கள் யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றே படிப்பவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட தலைப்பில் வரையறையை முதல் வரியிலேயே வைக்கலாம். ஆனால் ‘நட்பு’ என்ற தலைப்புக்கு ‘நட்பு என்பது தோழமை’ என்று எழுதி, ஐயா சொன்னார் என்று என்னைக் கைகாட்டாதீர்கள்.

அப்புறம், ‘முன்னுரை’ என்று தலைப்புப் போடுவது. வினாத்தாள் உட்தலைப்பு கேட்டால் போடுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம். ‘முன்னுரை’ என்ற சொல் தாளில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போடும் திருத்தும் முறைகள் இருக்கின்றன. கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதை அங்கே யாரும் படிப்பதில்லை. அந்த 50 முன்னுரை வியாபாரம் ஓடுவதே அந்த முறையை நம்பித்தான்.