தப்பான இடத்தில் விழித்துக்கொள்ளும் நொதிகள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அண்ணனுக்குத் திடீரென்று கணைய அழற்சி வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். "கணையத்தின் நொதிகளே கணையத்தைச் செரிக்கின்றன" என்றார் டாக்டர். அந்த நொதிகள் எப்போதும் அங்கேதானே இருக்கின்றன? பிறகு ஏன் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை?

பதில்: நொதிகள் அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் வேலை செய்யாத வடிவில் இருக்கின்றன. கணையச் செல்கள் டிரிப்சினோஜன் என்ற முன்வடிவத்தைத்தான் தயாரிக்கின்றன. அது நாளம் வழியாகச் சிறுகுடலுக்கு வந்ததும், குடல் சுவரில் காத்திருக்கும் என்டரோகைனேஸ் என்ற இன்னொரு நொதி அதன் முனையிலிருந்து 8 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துணுக்கை வெட்டி எடுக்கிறது. அந்த ஒரே வெட்டில் மூலக்கூறின் வடிவம் மாறி, புரதங்களை வெட்டும் டிரிப்சினாகிவிடுகிறது. அப்படி எழுந்த டிரிப்சின், மற்ற டிரிப்சினோஜன்களையும் கூட வந்த வேறு செரிமான நொதிகளையும் தானே வெட்டி எழுப்பிவிடும். என்டரோகைனேஸ் 1899-ல் ரஷ்ய உடலியலாளர் பாவ்லவின் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 'நொதிகளின் நொதி' என்று பாவ்லவ் அதைச் சொன்னார்.

சில டிரிப்சின்கள் கணையத்துக்குள்ளேயே எழுந்துவிடுவதுண்டு. அதற்கும் காவல் இருக்கிறது. டிரிப்சினைக் கவ்விப் பிடித்து முடக்கும் ஒரு புரதம் கூடவே சுரக்கிறது. தவிர, ஒரு டிரிப்சினை இன்னொரு டிரிப்சின் வெட்டிச் செயலிழக்கச் செய்ய வசதியான ஓர் இடமும் அதன் உடலிலேயே அமைந்திருக்கிறது. மருத்துவ மாணவர்களுக்கு உயிர்வேதியியல் நடத்திய காலமெல்லாம் இந்த இடத்தில் பாடத்தை நிறுத்தி, 1996-ல் வந்த கண்டுபிடிப்பைச் சொல்வேன். தலைமுறை தலைமுறையாகக் கணைய அழற்சி வந்த குடும்பங்களில், டிரிப்சினோஜனின் 122-வது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் என்ற வேறொன்று இருந்தது. அந்த வெட்டுமிடம் போய்விட்டது. நொதியின் அளவு கூடவில்லை, எழுந்த நொதியை அடக்க வழியில்லை. அவ்வளவுதான் கோளாறு.

உங்கள் அண்ணனுக்குப் பரம்பரைக் காரணம் இருக்கும் என்று இதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். பித்தப்பைக் கல்லும் மதுவும்தான் பொதுவான காரணங்கள். இரண்டையும் டாக்டரிடம் ஒளிக்காமல் பேசுங்கள். 'நொதிகளைத் தூண்டிவிடும்' என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். போதுமான நொதி சுரக்காத கணையத்துக்கு டாக்டர் எழுதித் தரும் நொதி மாத்திரை வேறு, இவை வேறு. அழற்சியில் துவண்டு கிடப்பவரிடம் இவற்றை விற்பவர்கள் மீது எனக்குக் கடுங்கோபம் உண்டு.

கேள்வி: நான் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். நம் நொதிகளைக் கிருமிகள் தங்களுக்குச் சாதகமாக இயக்கிக்கொள்ளுமா?

பதில்: தாராளமாக. காலராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிருமி குடல் செல்லுக்குள் நுழைவதே இல்லை. அது விடும் நச்சின் ஒரு பகுதி மட்டும் உள்ளே போகிறது. அங்கே ஜி-புரதம் என்று ஒன்று இருக்கிறது. ஹார்மோன் வந்து சேதி சொன்னால் அது ஜிடிபி (GTP) என்ற ஆற்றல் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு, அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்கிவிடும். பிறகு அந்த ஜிடிபியைத் தானே உடைத்து அடங்கிவிடும். சேதி எவ்வளவு முக்கியமோ, அது முடிவதும் அவ்வளவு முக்கியம். காலரா நச்சு ஜி-புரதத்தின் மேல் ஒரு வேதித் துணுக்கை ஒட்டிவிடுகிறது. அதன்பின் ஜிடிபியை உடைக்க முடியாது. சைக்ளேஸ் ஓய்வில்லாமல் செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு கைனேஸ் (புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றை இயக்கும் நொதி) எழுகிறது, குளோரைடு வாய்க்கால்கள் திறக்கின்றன, உப்பும் தண்ணீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட.

நச்சு மட்டுமே இதற்குப் போதும் என்று நிறுவியவர் கொல்கத்தாவின் சம்பு நாத் டே. 1959-ல் அவர், உயிருள்ள கிருமியே இல்லாதபடி வடிகட்டிய வளர்ப்பு நீரை முயல் குடலின் கட்டிய துண்டுக்குள் செலுத்தினார். குடல் நீர்கோத்து வீங்கியது. அந்த மனிதரின் பெயரை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும் பாதையை இந்த நச்சு தொடுவதில்லை. சர்க்கரை உப்புக் கரைசல் உயிர் காப்பது அந்தப் பாதை வழியாகத்தான்.

இன்ஃபுளுவென்சா வைரஸ் வேறு வழியில் வருகிறது. அதன் மேற்பரப்புப் புரதத்தை நம் நொதி ஒன்று வெட்டிக் கொடுத்தால்தான் அது செல்லைத் தொற்ற முடியும். சாதாரண வகைகளை வெட்டும் நொதிகள் பெரும்பாலும் மூச்சுப் பாதையில் இருப்பதால் தொற்றும் அங்கேயே நிற்கிறது. கொடிய பறவைக் காய்ச்சல் வகைகளின் வெட்டுமிடத்தில் கார அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கும். அதை ஃபியூரின் என்ற நொதி வெட்டிவிடும். ஃபியூரின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உண்டு என்பதால், பறவையின் உடல் முழுக்க வைரஸ் பரவிவிடுகிறது.

கேள்வி: அம்மாவுக்கு நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். இமாடினிப் சாப்பிடுகிறார். ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது. இனி மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். 9-வது, 22-வது குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதில், ஏபிஎல் என்ற கைனேஸ் இன்னொரு புரதத்தோடு ஒட்டிப் பிறக்கிறது. வழக்கமாக அதை அடக்கிவைக்கும் முன்பகுதி சிதைந்துவிட்டதால் 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் சமிக்ஞை தருகிறது. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப், ஏடிபி (ATP) என்ற ஆற்றல் மூலக்கூறு அமர வேண்டிய குழியில் தான் அமர்ந்து அந்த நொதியை முடக்குகிறது. ஆனால் கோளாறான மரபணுவை அது அகற்றுவதில்லை. மருந்து போனால் நொதி மறுபடி எழலாம். சில ஆண்டுகள் மிக ஆழமான கட்டுப்பாட்டில் இருக்கும் சிலருக்கு, அந்தக் கோளாறு ரத்தத்தில் துளியாவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் பரிசோதனையை அடிக்கடி செய்துகொண்டே டாக்டர்கள் நிறுத்திப் பார்ப்பதுண்டு. அம்மா அந்த நிலையில் இருக்கிறாரா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை ஒரு நாளும் தவறாமல், சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் கொடுத்து வாருங்கள்.